அழுததை அப்படியே மேடையேற்றாதீர்கள்

மனதில் கிடப்பதை எழுதினால் பாரம் இறங்கும், அதையே நாலு பேர் முன்னால் சொன்னால் உலகம் கொஞ்சம் மாறும் என்று நம்பித்தான் எல்லோரும் இதில் இறங்குகிறோம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் குறைந்தது ஆறு மாத வேலை கிடக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வருடமும் சில நட்புகளும் மிஞ்சியிருக்கும். அந்தக் கதையை இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதில் விழுகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில், ஒரே இடங்களில்தான் விழுகிறார்கள். தனியாக எழுதுவது, அதைக் கவிதையாக்குவது, குழுவில் பகிர்வது, பிறகு வெளியே கொண்டுபோவது, இந்த வரிசையில் எங்கே பள்ளம் என்று சொன்னால் போதும். பேச வசதியாக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம்: வேலையை விட்டு நிறுத்தப்பட்டு இரண்டு மாதம் ஆகிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை, தினமும் காலையில் வழக்கம்போல் கிளம்பிப் போகிறார்.

முதல் பள்ளம், எழுதிய அன்றே காட்டுவது. ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு நிறைய எழுதி, சூட்டோடு சூடாக எங்காவது போட்டுவிட்டுத் தூங்கப் போவார். ஆறுதல் வார்த்தைகள் குவியும். காலையில் கண் விழித்ததும் வருவது நிம்மதியாக இருக்காது, வெட்கம்தான் வரும். துணி இல்லாமல் தெருவில் நின்றதுபோல ஒரு கூச்சம், ‘ஏன் சொன்னோம்’ என்ற குடைச்சல், அழித்துவிடலாமா என்ற தவிப்பு. அழித்தாலும் படித்தவர்கள் படித்தவர்கள்தான். இதற்குப் பிறகு பலர் எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். தங்களுக்கு எழுத்து ஒத்துவராது என்று முடிவு கட்டுகிறார்கள். ஒத்துவராமல் போனது எழுத்து இல்லை, நேரம்தான்.

எழுத்து மனதுக்கு என்ன செய்கிறது என்பதை அளந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் வாழ்வின் மிகக் கசப்பான நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்தவுடன் மனம் இன்னும் கனத்துத்தான் போனது. அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியதுதான், ஆளுக்கு ஆள் மாறுகிறது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது: எழுதியவுடன் மனம் கனப்பது இயல்பு. அந்தக் கனத்தோடு எந்த முடிவும் எடுக்கக் கூடாது, காட்டலாமா என்ற முடிவு உட்பட.

செய்முறை எளிது. நான்கு நாள், அடுத்தடுத்து. கடிகாரத்தில் 15 அல்லது 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், மணி அடிக்கும்வரை கை நிற்கக் கூடாது. எழுத்துப்பிழை, இலக்கணம் எதையும் பார்க்காதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் முந்தைய வரியையே திரும்ப எழுதுங்கள். தூங்கப் போகும் முன் வேண்டாம், உள்ளே கிளறிவிட்டதோடு படுத்தால் தூக்கம் வராது. எழுதி முடித்ததும் பத்து நிமிடம் நடங்கள், பிறகு மனிதர்களிடம் போங்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்பது உறுதியாக இருந்தால்தான் கை உண்மையை எழுதும். கிழித்துப் போடுவதாக முன்பே முடிவு செய்துகொண்டாலும் சரி. குறிப்பிட்ட ஒன்றை எழுதினால் உடைந்துவிடுவோம் என்று தோன்றினால் அதை எழுத வேண்டியதில்லை, வேறொன்றை எழுதலாம். நடந்து ஒரு சில வாரம்கூட ஆகாத அதிர்ச்சியைத் தோண்ட வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கவிதை அந்த இடத்துக்கு மருந்தாகாது.

நான்காம் நாள் முதல் நாளின் நகலாக இருந்தால் அது அரைத்த மாவையே அரைப்பது, அப்போதே நிறுத்திவிடுங்கள். பலன் கிடைத்தவர்களின் எழுத்தில் நாள் போகப் போக ‘ஏனென்றால்’, ‘அதனால்தான்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் கூடியதையும், ‘நான்’ என்ற பார்வையிலிருந்து மற்றவர் பார்வைக்கும் திரும்பவுமாக எழுத்து மாறி மாறிப் போனதையும் பென்னிபேக்கர் குழுவினர் கண்டார்கள். ஆங்கிலத்தில் இதை ‘நான்’ என்ற சொல்லை எண்ணிச் சோதிக்கலாம். தமிழில் அந்தச் சொல்லே வராமல் ஒரு பக்கம் ‘போனேன், வந்தேன், நின்றேன்’ என்று ஓட்டிவிடலாம், எனவே வினைமுற்றைத்தான் பார்க்க வேண்டும். ஏன், ஏன் என்றே முடிந்துகொண்டிருந்தால், அதே பக்கத்தை ‘அவர்’ என்று வைத்து முதலிலிருந்து எழுதிப் பாருங்கள். சொல்லை மட்டும் மாற்றினால் நடக்காது, வாக்கியம் முழுவதும் உடைந்து மறுபடி கட்டப்பட வேண்டியிருக்கும். அந்த உடைப்பில்தான் புதிதாக ஒன்று தெரியவரும்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், எனக்கு இதுதான் முழு வேலையின் சாவியாகப் படுகிறது. நம் மொழியில் துயரத்தைச் சொல்லும்போது செய்தவனைக் காணாமல் செய்வது மிகச் சுலபம். ‘வேலை போயிடுச்சு.’ ‘படிப்பு நின்னுபோச்சு.’ ‘கல்யாணம் ஆயிடுச்சு.’ போனது, நின்றது, ஆனது எல்லாம் தானாக நடந்ததுபோல ஒலிக்கும். மழை பெய்ததும் வேலை போனதும் ஒரே மாதிரியான வாக்கியம். நான்கு நாள் எழுத்தில் இப்படிப்பட்ட வினைகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யார்?’ என்று எழுதி, தெரிந்த பதிலை நிரப்புங்கள். ‘வேலை போயிடுச்சு’ என்பது ‘என்னை வேலையை விட்டு எடுத்தார்கள்’ என்று ஆகும். இன்னும் ஒரு படி போனால் ‘முன்கூட்டிச் சொல்லாமல், காரணம் எழுதித் தராமல் எடுத்தார்கள்’ என்று ஆகும். முதல் வாக்கியத்துக்கு ஆறுதல் மட்டுமே சொல்ல முடியும். மூன்றாவது வாக்கியத்தை வைத்து ஒரு கோரிக்கை எழுத முடியும். சில இடங்களில் ‘யார்?’ என்பதற்கு ‘நான்தான்’ என்றும் பதில் வரும், வீட்டில் சொல்லாமல் மறைத்தது யார் என்பதுபோல. அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத கதையைக் கேட்பவர்கள் முழுதாக நம்ப மாட்டார்கள்.

அடுத்தது கவிதை. குறைந்தது இரண்டு வாரம் நோட்டைத் தொடாமல் வைத்துவிட்டு எடுங்கள். முதல் முயற்சி அநேகமாக இப்படித்தான் வரும்: ‘வேதனை நெஞ்சை அரிக்கிறது, விதியே உனக்குக் கண்ணில்லையா, இருளில் தேடுகிறேன் விடியலை.’ வேதனை, விதி, இருள், விடியல் நான்கும் யாருக்கும் பொருந்தும், அதனாலேயே யாரிடமும் ஒட்டாது. இதைச் சரிசெய்யத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒரு நல்ல கருவி. மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வு, எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ நிற்பது இளிவு, உள்ளதை இழப்பது இழவு, முன்பிருந்த நல்ல நிலை கெடுவது அசைவு. ‘வேதனை’ என்று எழுதியவரிடம் இந்த நான்கில் எது என்று கேளுங்கள். நம் ஆளுக்குக் கையில் இன்னும் சில மாதத்துக்குப் பணம் இருக்கிறது, வறுமை இல்லை. யோசித்துவிட்டு ‘அசைவு’ என்பார். எது அசைந்தது? கழுத்தில் தொங்கிய அட்டை. இப்போது கண்ணால் பார்க்கும் ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

வழக்கம்போல் எட்டரைக்குக் கிளம்பினேன்.
அடையாள அட்டை கழுத்தில் இல்லை,
பையில் இருந்தது.
நூலகம் திறக்க ஒன்பதரை ஆகும்.
அதுவரை நடந்தேன்.

இதற்குக் கீழே ஆறாவது வரியாக ‘வாழ்க்கை முழுதும் நடந்துகொண்டே இருக்கிறேன்’ என்று எழுதக் கை துடிக்கும். வெட்டிவிடுங்கள். முதல் பிரதியில் பெரும்பாலும் முதல் இரண்டு வரி தொண்டையைச் செருமுவது, கடைசி வரி கைதட்டல் கேட்பது, மூன்றையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தால் தெரியும். சத்தமாகப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வரியை உடையுங்கள். உணர்வின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு, அந்த உணர்வு வந்தபோது கை எதைப் பிடித்திருந்தது என்று எழுதுங்கள். பன்னிரண்டு வரிக்குள் நிறுத்தினால் வெட்டப் பழகும். சந்தம், எதுகை எல்லாம் வந்தால் வரட்டும். தேடிப் போனால் அவை பொய் சொல்ல வைக்கும்.

மூன்றாவது, மற்றவர்களோடு உட்காருவது. அதிகம் அடிபடுவது இங்கேதான், தனியாக அடிபட மாட்டோம், கூடவே நாலு பேரை இழுத்துக்கொண்டு விழுவோம். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். எட்டுக்கு மேல் போனால் கடைசி ஆள் பேசும்போது யாருக்கும் காது இருக்காது. எட்டுப் பேருக்குக் கணக்கு: ஆளுக்கு 5 நிமிடம் சொல்ல, 3 நிமிடம் மற்றவர்கள் பதில் தர, அது 64 நிமிடம். தொடங்க 10, முடிக்க 15. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நேரம் பார்க்க ஒருவர் வேண்டும், முகங்களைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். இந்த இரண்டாம் ஆள் தேவையில்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். யாராவது சட்டென்று எழுந்து வெளியே போனால் கூடப் போவது யார்? ஒருவரே நடத்தினால் வெளியே போனவரையோ உள்ளே இருப்பவர்களையோ கைவிட்டாக வேண்டும்.

அறிவுரை சொல்லக் கூடாது என்பது முதல் விதி, முதலில் உடைபடுவதும் அதுதான். ‘நீங்க ஏன் வீட்ல சொல்லலை?’ என்று ஒருவர் அன்போடுதான் கேட்பார். அந்த நொடியில் கதை விசாரணையாகிவிடும், சொன்னவர் அடுத்த வாரம் வர மாட்டார். பதில் சொல்பவர்கள் ‘எனக்குக் கேட்டது’ அல்லது ‘என் கண்ணில் நின்றது’ என்று மட்டுமே தொடங்க வேண்டும் என வாயைக் கட்டிவிடுவது நல்லது: ‘அட்டையைப் பைக்குள்ள வெச்சது கண்ணுல நிக்குது.’ சொல்ல விருப்பமில்லை என்று தாண்டிப் போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லுங்கள், நடத்துபவரே முதல் கூட்டத்தில் ஒருமுறை தாண்டிக் காட்டினால்தான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வரும். மூன்றாவது நான்காவது கூட்டத்தில் யார் துன்பம் பெரிது என்ற போட்டி தானாக முளைக்கும். ஒருவர் வேலை போனதைச் சொன்னால் அடுத்தவர் மரணத்தைக் கொண்டுவருவார், சின்னக் கதை வைத்திருப்பவர் வாயை மூடிக்கொள்வார். அந்த வாரம் தலைப்பைச் சுருக்கிவிடுங்கள்: ஒரு கதவு, ஒரு செருப்பு, ஒரு தவறிய அழைப்பு. மிகக் கனமான கதையோடு கூட்டத்தை முடிக்காதீர்கள். கடைசி 15 நிமிடம் வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறோம் என்பதுபோன்ற வெறும் பேச்சுக்கு. அதை வெட்டி அரட்டை என்று எடுத்துவிட்ட குழுக்களில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள்.

பெயர் விஷயம். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது, குழுவிலும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். என்ன வேலை, எத்தனை குழந்தை, எந்த மாதம் என்று மூன்று குறிப்பு சேர்ந்தால் தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள், கதையின் முதுகெலும்பாக இருப்பதை மட்டும் அப்படியே விடுங்கள். கதையில் வரும் மனைவி, அம்மா, மேலாளர் யாரும் உங்களிடம் சம்மதம் தரவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். சொன்னவரிடம் சம்மதம் மூன்று முறை கேட்க வேண்டும்: சொல்லும்போது, எழுத்தில் வந்ததைப் படித்துக் காட்டிய பிறகு, ஒவ்வொரு புதிய இடத்தில் பயன்படுத்தும் முன்பு. மேடைக்குத் தந்த சம்மதம் காணொளிக்குத் தந்ததாகாது. இரண்டாவது முறை கேட்கும்போதுதான் பலர் பின்வாங்குவார்கள், அதற்காகவே அந்தக் கேள்வி. இதற்கான நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டு வாரக் கூட்டங்கள் 18 மணி நேரம் என்றால், எல்லாவற்றையும் பதிவு செய்து எழுதப்போவது குறைந்தது 72 மணி நேர வேலை. தேர்ந்தெடுத்த மூன்று நான்கு கதைகளைத் தனியாக உட்கார்ந்து பதிவு செய்தால் போதும்.

வெளியே கொண்டுபோகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: பணம் திரட்ட வேண்டுமா, விதிமுறையை மாற்ற வேண்டுமா? இரண்டுக்கும் கதை சொல்லும் விதமே வேறு. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு சிறுமியைக் காட்டிக் கேட்டபோது மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். கூடவே புள்ளிவிவரத்தையும் வைத்தபோது கொடுப்பது குறைந்தது. எனவே உதவிக்கு ஒற்றை முகம் போதும். மறுபக்கம், ஷாந்தோ அய்யங்கார் 1991இல் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துக் காட்டியது இது: ஒரு தனி ஏழையின் கதையாகச் சொன்னால், பார்ப்பவர்கள் வறுமைக்குப் பொறுப்பை அந்த ஆள் மேலேயே போடுகிறார்கள். விரிந்த சூழலோடு சொன்னால் சமூகத்தின் மேலும் அரசின் மேலும் போடுகிறார்கள். நம் ஆளின் கவிதையை மட்டும் வாசித்தால் கேட்பவர்கள் நெகிழ்வார்கள், வெளியே போகும்போது ‘பாவம், வேறு வேலை தேடியிருக்கலாம்’ என்று பேசிக்கொண்டு போவார்கள். விதிமுறையை மாற்ற வேண்டுமென்றால் வெவ்வேறு வேலை பார்த்த மூன்று பேரை அடுத்தடுத்து நிறுத்துங்கள், மூவர் கதையிலும் ஒரே இடத்தில் ஓட்டை தெரியட்டும்: காரணத்தை யாரும் எழுதித் தரவில்லை. எண்ணிக்கையைச் சொல்லாமலே எண்ணிக்கை புரியும். ஆளுக்கு இரண்டு நிமிடம், கடைசியில் ஒரே கோரிக்கை, அதை நிறைவேற்றக்கூடிய ஆள் அந்த அவையில் இருக்க வேண்டும். அவர் வரவில்லையென்றால் தேதியைத் தள்ளிவைப்பதே மேல். ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள் கைதட்டுவதற்காக ஒருவரை மறுபடி அழ வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒத்துக்கொள்ளாதவர்களிடம் போகும்போது முறை இன்னும் மாறும். புரூக்மனும் கல்லாவும் 2016இல் வெளியிட்ட, அமெரிக்காவின் மயாமியில் நடந்த ஆய்வில், வீடு வீடாகப் போய் ஏறக்குறைய 10 நிமிடம் பேசியதில் திருநர் மீதான ஒவ்வாமை குறைந்தது, அந்த மாற்றம் மூன்று மாதமாவது நின்றது. அதே இருவர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தீர்ப்புச் சொல்லாமல் இருவரும் அனுபவத்தைப் பரிமாறிக்கொள்ளும் பகுதியை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்துப் பார்த்தார்கள், பலன் மறைந்துவிட்டது. ஆகவே உங்கள் கதையை ஒப்பித்துவிட்டு வராதீர்கள். ‘உங்களை யாராவது காரணம் சொல்லாமல் ஒதுக்கியது உண்டா?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். முதல் ஒரு நிமிட மௌனம் தாங்க முடியாததாக இருக்கும், அதை நிரப்பிவிடுவதில்தான் பலரும் தோற்கிறார்கள்.

இன்னொரு வழி, பிரேசிலின் நாடகக்காரர் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு. ஒடுக்கப்பட்டவர் தோற்கும் காட்சியை முழுவதுமாக நடித்துக் காட்டி, பிறகு முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பார்ப்பவர் எவரும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறித் தோற்பவரின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்து பார்க்கலாம். ஒடுக்குபவராக நடிப்பவர் விட்டுக்கொடுக்கக் கூடாது, அவர் இளகினால் பயிற்சி கெட்டது. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ மாநகர மன்ற உறுப்பினராக இருந்தபோது இப்படிக் கிடைத்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின. நம் ஆளின் காட்சி மிகச் சிறியது: மேலாளர் கூப்பிடுகிறார், ‘அட்டையை வெச்சுட்டுக் கிளம்புங்க சார்’ என்கிறார், இவர் வைக்கிறார். மறு ஓட்டத்தில் ஒருவர் கத்துவார், ஒருவர் கெஞ்சுவார், இரண்டுக்கும் மேலாளர் அசைய மாட்டார். நாலாவதாக ஏறும் யாரோ ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் ‘எழுத்துல குடுங்க சார், வாங்கிட்டுப் போறேன்’ என்பார். மேலாளராக நடிப்பவர் முதல்முறையாகத் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தை அப்போதே எழுதிக்கொள்ள ஒரு ஆளை ஓரமாக உட்கார வைத்திருங்கள், மறுநாள் யாருக்கும் சரியான சொற்கள் நினைவிருக்காது.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் கதை சொன்னவருக்கு ஒரு வெறுமை வரும், காய்ச்சல் விட்ட உடம்புபோல. அன்று அவரைக் கூப்பிட்டுப் பேச ஒருவரை முன்பே நியமியுங்கள். இணையத்தில் வரும் பின்னூட்டங்களை அவர் படிக்கக் கூடாது, வேறொருவர் படித்துத் தேவையானதை மட்டும் சொல்லட்டும். நன்றாகச் சொன்னவரை ஒவ்வொரு இடமும் அழைக்கும். ஐந்தாறு முறைக்குப் பிறகு கண்ணீர் அதே இடத்தில், அதே அளவில் வரத் தொடங்கும், அப்போது அவரை நிறுத்திவிட்டு இன்னொருவரை ஏற்றுங்கள். போக்குவரத்தும் அன்றைய கூலியும் கொடுங்கள், கதையை இலவசமாகக் கேட்டுப் பழகிய அமைப்புகள் இதற்கு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும். ஒலிப்பதிவை அழிக்கும் தேதியைப் பதிவு செய்த அன்றே கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவைதான் சில வருடம் கழித்து யாருடைய பழைய போனிலிருந்தோ வெளியே வருகின்றன.